டைமிங் வைக்கும் சில்லு

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடத்துக்குள் புதிதாக நுழைகிறவருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். தறி மேஸ்திரிக்கு அந்தச் சத்தத்துக்குள் மூன்று தனித்தனி வேலைகள் கேட்கும். பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்க வேண்டும். அந்த வாய்க்குள் நாடா ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பாய வேண்டும். நாடா விட்டுச்சென்ற ஊடையை அச்சு வந்து அடித்து இறுக்க வேண்டும். துணி நெய்ய இந்த மூன்று அசைவு போதும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், ஒரே மோட்டாரின் தயவில் மூன்றும் நடக்கின்றன. வாய் முழுதாகத் திறப்பதற்குள் நாடா புறப்பட்டாலோ, நாடா கரை சேர்வதற்குள் வாய் மூடிக்கொண்டாலோ, நாடா நடுவில் மாட்டிப் பாவு கொத்தாக அறுந்துபோகும். அப்புறம் இழை இழையாகப் பிணைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதனால் மேஸ்திரி ஸ்பேனரை எடுத்து டைமிங் வைக்கிறார். சாதாரண விசைத்தறியில் மேல் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் கீழ்த் தண்டு ஒரு சுற்று. கீழ்த் தண்டில் இருக்கும் கேம்கள்தான் வாய் எப்போது திறக்கும், நாடா எப்போது அடிபடும் என்று தீர்மானிக்கின்றன. மேஸ்திரி போல்ட்டைத் தளர்த்தி, கேமைச் சில டிகிரி திருப்பி, மறுபடி இறுக்குவார். மோட்டாரின் வேகம் மாறவில்லை, பலமும் மாறவில்லை. ஓர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவிலுள்ள சில டிகிரி மட்டும் மாறியது. பள்ளி இயற்பியலில் இதைக் கட்ட வேறுபாடு என்று படித்திருப்போம். அசையும் சிற்பம் செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான். மோட்டார், கம்பி, நிரல் எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

தறியும் அசையும் பொம்மையும் ஒரே கையிலிருந்து வந்ததும் உண்டு. பிரான்ஸில் ழாக் தெ வொக்கான்சோன் 1738-ல் புல்லாங்குழல் வாசிக்கும் ஆளுயரப் பொம்மை ஒன்றைக் காட்டினார். அடுத்த ஆண்டு, தானியம் கொத்தித் தின்னும் இயந்திர வாத்து. ஊரே கூடிப் பார்த்தது. 1741-ல் அரசாங்கம் அவரைப் பட்டுத் தொழிலுக்கு ஆய்வாளராக்கியது. 1745-ல் அவர் தானாக உரு நெய்யும் ஒரு தறியைச் செய்தார். அது புழக்கத்துக்கு வரவில்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து, 1804 வாக்கில், அதையும் அதற்கு முந்தையவர்களின் துளைத்தாள் யோசனையையும் சேர்த்து ழோசப் மரி ஜக்கார்டு ஒரு பெட்டி செய்தார். பவானி ஆற்றங்கரைச் சிறுமுகையில் பட்டுச் சேலைத் தறிக்கு மேலே ஏறி உட்கார்ந்தது அந்தப் பெட்டியின் வழித்தோன்றல்தான். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி உயரும், பாவு இழை தூக்கப்படும். துளை இல்லையென்றால் இழை கீழேயே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கோத்து மாட்டினால் முந்தானையில் மயில் இறங்கும். 1983-ல் போனாஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம் அட்டைக்குப் பதில் மின்காந்தம் வைத்த ஜக்கார்டைக் கொண்டுவந்தது. அட்டைக்கட்டு தொங்கிய இடத்துக்குச் சர்க்யூட் பலகை வந்துவிட்டாலும், இழையைத் தூக்கு அல்லது விடு என்ற கட்டளை மாறவில்லை.

கொங்குநாட்டுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டுமென்றால் திப்புவின் புலி இருக்கிறது. 1799 வரை இந்தச் சீமை மைசூர் ஆட்சியில் இருந்தது. திப்பு சுல்தானிடம் இருந்த மரப்புலி, கீழே விழுந்து கிடக்கும் வெள்ளைக்காரன் மேல் ஏறி நிற்கும். பக்கத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் அவன் கை உயர்ந்து தாழும், அவன் அலறுவான், புலி உறுமும். இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கைப்பிடி, அதிலிருந்து பிரியும் பல அசைவுகள். தறியின் கணக்கேதான்.

இருபதாம் நூற்றாண்டில் இதைப் பொம்மை என்று சொல்லாமல் சிற்பம் என்றே சொல்லத் துணிந்தார்கள். 1920-ல் மாஸ்கோவில் நவும் காபோ ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, அழைப்புமணியின் பொறியை அடியில் வைத்து அதிர விட்டார். கம்பி அதிரும்போது இடை சிறுத்த ஒரு பருமனான உருவம் காற்றில் தெரியும். ஸ்விட்சை அணைத்தால் வெறும் கம்பி. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அமெரிக்கர் அலெக்சாண்டர் கால்டர் மோட்டாரும் கைப்பிடியும் வைத்து அசையும் சிற்பங்கள் செய்தார். சீக்கிரமே மோட்டாரைக் கழற்றிவிட்டு, தகடுகளைக் கம்பியில் தொங்கவிட்டுக் காற்றிடம் ஒப்படைத்தார். 1955-ல் சாராபாய் குடும்பத்தின் அழைப்பில் அகமதாபாத் வந்து அங்கேயே தங்கிச் சில சிற்பங்கள் செய்தும் போனார். மோட்டாரை அவர் கைவிட்டதற்கான காரணம் நமக்கு முக்கியம். மோட்டார் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். ஒரு நிமிடம் பார்த்தவருக்கு அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று தெரிந்துபோகும். காற்றுக்கு அந்தக் குறை இல்லை.

தறிக்கு அந்தச் சலிப்புத்தான் வரம். ஒரு முழத்துக்கும் அடுத்த முழத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் துணியை யார் வாங்குவார்கள்? சிற்பத்துக்கு அதுவே சாபம். ஸ்பேனரால் வைத்த டைமிங்கைத் தறி ஓடும்போதே மாற்ற முடிந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. மைக்ரோகண்ட்ரோலர் வருவது இந்த இடத்தில்.

*

கோயம்புத்தூர்க்காரருக்கு மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய ஊர் இது. பைக்காரா மின்சாரம் வந்த 1930களில் மில்களும் கிணற்று மோட்டார்களும் பெருகின. கவலை ஓட்டிய மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் ரோட்டர் கடைவதும் காயில் கட்டுவதும் தெருவுக்குத் தெரு தெரிந்த தொழில். ஆனால் இந்த ஊர் செய்து பழகிய மோட்டார் அசையும் சிற்பத்துக்கு நேரடியாக ஆகாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றும். ரோட்டர் கொஞ்சம் பின்தங்கி 1,440 சுற்று ஓடும். தண்ணீர் இறைக்க அது அருமையான வேகம். தான் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்று அந்த மோட்டாருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

நமக்கு வேண்டியது கோணம் தெரிந்த மோட்டார். தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது எஸ்ஜி90 என்ற குட்டிச் சர்வோ. எடை 9 கிராம். உள்ளே ஒரு சின்ன டிசி மோட்டார், வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், வெளித்தண்டோடு சேர்ந்து திரும்பும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். இந்த மூன்றாவது உறுப்புத்தான் கோணத்தைச் சொல்கிறது. ஒவ்வொரு 20 மில்லி செகண்டுக்கும் ஒரு மின்துடிப்பை நாம் அனுப்புவோம். துடிப்பின் நீளம் 1.5 மில்லி செகண்ட் என்றால் நடுவில் நில் என்று பொருள். அதைக் குறைத்தால் ஒரு பக்கம், கூட்டினால் மறுபக்கம். சர்வோவுக்குள் இருக்கும் சர்க்யூட், நாம் கேட்ட கோணத்தையும் இருக்கும் கோணத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும் வரை மோட்டாரைத் தள்ளும்.

துடிப்பை அனுப்பும் பலகை அர்டுயினோ ஊனோ. அதன் பிறப்பைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பொறியியல் கல்லூரிகளில் இது லைன் ஃபாலோயர் ரோபோவுக்கும் தண்ணீர்த் தொட்டி ஆட்டோமேட்டிக்குக்கும் மட்டுமே ஏற்பட்டது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இத்தாலியில் இவ்ரேயா என்று ஒரு சிற்றூர். ஒலிவெட்டி டைப்ரைட்டர் பிறந்த தொழிலூர். அங்கே இருந்த வடிவமைப்புக் கல்லூரியில், மின்னணுவியல் படிக்காத மாணவர்கள் தாங்கள் நினைத்த பொருளைத் தாங்களே அசைத்துப் பார்க்க ஒரு மலிவான பலகை வேண்டும் என்று 2005-ல் மாசிமோ பான்ஸியும் அவர் கூட்டாளிகளும் செய்தது இது. அங்கே படித்த எர்னாண்டோ பாராகான் என்ற கொலம்பிய மாணவர் அதற்கு முன்பே செய்த வயரிங் என்ற பலகைதான் அடித்தளம். அர்டுயினோ என்பது அவர்கள் கூடிய மதுக்கடையின் பெயர். கடைக்கு அந்தப் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் அரசரிடமிருந்து வந்தது. ஆக, இது கலை செய்யப் பிறந்த பலகை. தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் வேலைக்கு அது பின்னால்தான் வந்தது.

ஊனோவின் நடுவில் உள்ள சில்லு ஏடிமெகா328பி. அதன் கடிகாரம் செகண்டுக்கு 1.6 கோடி தடவை துடிக்கும். நிரல் எழுதி வைக்க 32 கிலோபைட் இடம், ஓடும்போது கணக்குப் போட 2 கிலோபைட். உங்கள் செல்போனில் இருக்கும் ஒரே ஒரு புகைப்படம்கூட இதற்குள் அடங்காது. நம் வேலைக்கு இது தாராளம்.

*

நாம் செய்யப்போவது ஓர் அலை. எட்டு சர்வோ, எட்டுத் தென்னை ஈர்க்கு. ஒரு பலகையில் வரிசையாக 6 சென்டிமீட்டர் இடைவெளியில் சர்வோக்களைத் திருகி, ஒவ்வொன்றின் கையிலும் ஓர் ஈர்க்கை நிமிர்த்திக் கட்டுங்கள். ஈர்க்கின் நுனியில் ஒரு சிறு காகித முக்கோணமோ, சோளத் தட்டையின் காய்ந்த இலைத் துண்டோ இருக்கட்டும்.

ஏன் ஈர்க்கு? முதல் காரணம் எடை. எஸ்ஜி90 தரும் முறுக்குவிசை 1.8 கிலோகிராம் சென்டிமீட்டர். அரை மீட்டருக்கு மேல் நீளமான, 50 கிராம் எடையுள்ள மரக்குச்சி படுக்கை நிலைக்கு வந்தால் அதன் எடை மையம் 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். 0.05-ஐ 30-ஆல் பெருக்கினால் 1.5. சர்வோ அதன் எல்லைக்கே வந்துவிட்டது. முனகும், சூடாகும், சில நாளில் பல் உடையும். தரப்பட்ட விசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்காதீர்கள். இரண்டாவது காரணம் எடையைவிட சுவாரஸ்யமானது. மலிவான சர்வோ ஏறக்குறைய ஒரு டிகிரிக்குக் குறைவான மாற்றத்தைக் கண்டுகொள்ளாது. மெதுவாக நகரச் சொன்னால் வழுக்கிக்கொண்டு போகாமல் ஒவ்வொரு டிகிரியாகத் துள்ளும். விறைப்பான அலுமினியக் குழாயை மாட்டினால் அந்தத் துள்ளல் அப்படியே நுனியில் தெரியும். ஈர்க்கு வளையும். அடியில் நடக்கும் சின்னத் துள்ளல்களை விழுங்கிவிட்டு, நுனியில் தன் பாட்டுக்குக் கொஞ்சம் தாமதித்து அசையும். நிரலில் எழுதாத ஒரு டைமிங்கை ஈர்க்கு தானே வைக்கிறது. விலை உயர்ந்த மோட்டார் வாங்குவதற்கு முன் பொருளை மாற்றிப் பாருங்கள் என்பேன்.

அடுத்தது மின்சாரம். தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் இடறி விழுவது நிரலில் அல்ல, இங்கேதான். கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளை தருவது 500 மில்லி ஆம்பியர் அளவு. ஒரு சர்வோ தடைபட்டு நின்றால் அதுமட்டுமே அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எட்டையும் பலகையின் 5 வோல்ட் முனையில் மாட்டினால் என்ன ஆகும்? எட்டும் ஒரே நேரத்தில் துடிக்கும், மின்னழுத்தம் சரியும், சில்லு அணைந்து முதலிலிருந்து தொடங்கும், மறுபடி எட்டும் துடிக்கும். பார்ப்பவர் நிரலில் கோளாறு என்று ராத்திரி முழுவதும் வரிகளைத் திருத்திக்கொண்டிருப்பார். சர்வோக்களுக்குத் தனியாக 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வையுங்கள். அதன் இரு முனைகளுக்கும் நடுவே 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் திடீர் இழுப்பைத் தாங்கும். அடாப்டரின் கிரவுண்டையும் ஊனோவின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். துடிப்பு என்பது கிரவுண்டோடு ஒப்பிட்டு அளக்கும் ஒன்று. இரண்டுக்கும் பொதுவான தரை இல்லாவிட்டால் சர்வோ அதைப் புரிந்துகொள்ளாது. சர்வோவின் பழுப்பு ஒயர் கிரவுண்டு, சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு துடிப்பு. ஆரஞ்சு ஒயர்கள் ஊனோவின் 2 முதல் 9 வரையுள்ள முனைகளுக்கு.

இனி நிரல். முதலில் தோன்றும் வழி இது: முதல் சர்வோவை 0-விலிருந்து 70 டிகிரிக்கு நகர்த்து, டிலே கொடுத்துக் காத்திரு, அடுத்ததை நகர்த்து. அசையும், ஆனால் பார்க்கச் சகிக்காது. சட்டென்று கிளம்பி, ஒரே வேகத்தில் போய், சட்டென்று நிற்கும் எதுவும் உயிருள்ளதாகத் தோன்றாது. ஆடிப் பதினெட்டுக்கு மரத்தில் கட்டும் தூரியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடியிலும் ஒரு கணம் தயங்கும், நடுவில் வரும்போது விரைந்து போகும். தயக்கத்துக்கும் விரைவுக்கும் நடுவே வெட்டு கிடையாது. இந்த அசைவுக்குக் கணக்கில் உள்ள பெயர் சைன் அலை. பத்தாம் வகுப்பில் முக்கோணத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்த அதே சைன்தான்.

எனவே டிலேயைத் தூக்கிப் போட்டுவிட்டு, சில்லின் கடிகாரத்தைக் கேளுங்கள். பலகைக்கு மின்சாரம் வந்ததிலிருந்து எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று என்று சொல்ல மில்லிஸ் என்ற கட்டளை உண்டு. 20 மில்லி செகண்டுக்கு ஒரு முறை எட்டு சர்வோவுக்கும் கோணத்தைக் கணக்கிட்டு அனுப்ப வேண்டும். கணக்கு ஒரே வரி:

கோணம் = 90 + 35 × சைன்(ஓடும் கட்டம் + வரிசை எண் × இடைவெளி)

90 என்பது ஈர்க்கு நிமிர்ந்து நிற்கும் நடுநிலை. 35 என்பது இருபுறமும் சாயும் அளவு. ஓடும் கட்டம் நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகும்; ஆறு செகண்டில் 360 டிகிரி என்று வைத்தால் நிதானமான அலை. வரிசை எண் 0 முதல் 7 வரை. (அர்டுயினோவின் சைன் டிகிரியில் பேசாது, ரேடியனில் பேசும், 45 டிகிரிக்கு 0.785 என்று கொடுக்க வேண்டும்.) மிச்சமிருக்கும் ஒரே சொல் இடைவெளி. மேஸ்திரியின் ஸ்பேனர் அதுதான்.

அந்த எண்ணை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். 0 வைத்தால் எட்டும் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிரும். சுதந்திர தின டிரில். 180 வைத்தால் ஒன்று விட்டு ஒன்று எதிரெதிராகப் போகும். 45 வைத்தால் எட்டு ஈர்க்கிலும் சேர்த்துச் சரியாக ஒரு முழு அலை ஓடும். முதலாவதை விட்டு வெளியேறும் அலை எட்டாவதில் மறுபடி நுழைவதாகத் தெரியும். 20 வைத்தால் அறுவடைக்கு முந்தைய சோளக்காட்டில் காற்று கடப்பது தெரியும். மைனஸ் 20 வைத்தால் காற்று திசை மாறும். மோட்டாரும் அதேதான், வேகமும் அதேதான். 45-க்கும் 47-க்கும் நடுவே உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். ஒரு சாயங்காலம் முழுவதையும் இந்த ஒரு எண்ணுக்குக் கொடுக்கலாம்.

*

கால்டர் மோட்டாரை விட்டுவிட்டுக் காற்றை நாடிய காரணத்துக்கு வருவோம். இடைவெளி ஓர் எண்தான் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றலாம். அதை இன்னொரு மிக மெதுவான சைன் அலையிடம் ஒப்படைத்துவிடுங்கள்: நான்கு நிமிடத்தில் 10-லிருந்து 60 வரை போய்த் திரும்பட்டும். அலை அகன்று, நெருங்கி, மறுபடி அகலும். இதோடு வெளியுலகையும் உள்ளே விடலாம். மீயொலி சென்சார் ஒன்று (எச்சி-எஸ்ஆர்04 என்று கேட்டால் கிடைக்கும்) 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும். ஒலி காற்றில் செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மீட்டர் தள்ளி ஓர் ஆள் நின்றால் ஒலி போய்த் திரும்ப 5.8 மில்லி செகண்ட்.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. எதிரே யாருமே இல்லையென்றால் எதிரொலி வராது. அர்டுயினோவில் துடிப்பின் நீளத்தை அளக்கும் கட்டளை, எதுவும் சொல்லாவிட்டால், ஒரு முழு செகண்ட் வரை காத்துக்கொண்டிருக்கும். காத்திருக்கும் நேரம் முழுவதும் அலை உறைந்து நிற்கும். 25 மில்லி செகண்டுக்கு மேல் காத்திருக்காதே என்று எல்லை கட்டுங்கள். நான்கு மீட்டர் தூரத்துக்கு அது போதும்.

இரண்டாவது பள்ளம் ஆழமானது. ஆள் நெருங்கினால் அலையின் வேகம் கூட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். கட்டத்தை, தொடங்கியதிலிருந்து ஆன நேரம் × வேகம் என்று கணக்கிட்டிருக்கிறீர்கள். சிற்பம் ஒரு மணி நேரமாக, அதாவது 3,600 செகண்டாக ஓடுகிறது. வேகத்தைச் செகண்டுக்கு 60 டிகிரியிலிருந்து 61-ஆக மாற்றுகிறீர்கள். பெருக்கல் விடை ஒரே நொடியில் 3,600 டிகிரி தாண்டிக் குதிக்கிறது. கடந்துபோன ஒரு மணி நேரமும் புது வேகத்தில்தான் ஓடியது என்று கணக்கு சொல்கிறது. வேகம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மாறும்போதெல்லாம் ஈர்க்குகள் வெட்டி வெட்டி இழுக்கும். பரிகாரம் எளிது. மொத்த நேரத்தைப் பெருக்காதீர்கள். ஒவ்வொரு 20 மில்லி செகண்டுக்கும், இப்போதைய வேகத்தில் எத்தனை டிகிரி நகர்ந்திருக்கும் என்று பார்த்து, பழைய கட்டத்தோடு அதை மட்டும் கூட்டுங்கள். 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழித்துவிடுங்கள். வேகம் எப்படி மாறினாலும் அலை விட்ட இடத்திலிருந்தே தொடரும். வண்டி ஓடிய தூரத்தை மீட்டர் கூட்டுவதும் இப்படித்தான்.

சென்சார் வைத்தவுடன் எல்லோரும் செய்வது, ஆள் கிட்டே வந்தால் சிற்பத்தைக் குதிக்க வைப்பது. வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகளுக்கு அது பிடிக்கும், நிற்காமல் கையை ஆட்டுவார்கள், ஐந்து நிமிடத்தில் சலித்துப் போவார்கள். எனக்குப் பிடித்தது நேரெதிர்: ஆள் நெருங்க நெருங்க 35 என்ற சாய்வு அளவு மெல்லக் குறைந்து 5-க்கு வரட்டும். விலகி நின்றால் மறுபடி அலை எழட்டும். பார்க்க வேண்டுமென்றால் சற்றுத் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று சிற்பமே ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

எட்டு ஈர்க்கில் பழகிய இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க, கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறவர்கள் சாங்கி விமான நிலையத்தின் முதல் முனையத்தை எட்டிப் பார்க்கலாம். பெர்லினைச் சேர்ந்த ஆர்ட்+காம் குழு 2012-ல் அங்கே நிறுவிய சிற்பத்தின் பெயர் கைனெடிக் ரெய்ன். செம்பு பூசிய 1,216 அலுமினியத் துளிகள், 608-ஆக இரண்டு தொகுதிகள். ஒவ்வொரு துளியும் மெல்லிய எஃகுக் கம்பியில், கூரைக்குள் ஒளிந்திருக்கும் தனி மோட்டாரிலிருந்து தொங்குகிறது. துளிகள் சேர்ந்து விமானமாகும், பட்டமாகும், வெறும் அலையாகக் கலையும். அவற்றின் நடனம் 15 நிமிடம் நீளம். மோட்டார் ஒவ்வொன்றும் செய்வது கம்பியைச் சுருட்டுவதும் விடுவதும் மட்டும்தான். மற்றதெல்லாம் பக்கத்துத் துளிக்கும் இந்தத் துளிக்கும் நடுவே உள்ள இடைவெளி.

கணினியே இல்லாமல் இதைச் செய்கிறவர்களும் உண்டு. அமெரிக்கச் சிற்பி ரூபன் மார்கோலின் கம்பி, கப்பி, சுழலும் சக்கரம் இவற்றை மட்டும் வைத்துக் கூரையிலிருந்து அலைகளைத் தொங்கவிடுகிறார். அவர் அலைகளின் டைமிங் முழுவதும் சக்கரங்களிலும் கம்பி ஓடும் பாதையிலும் இருக்கிறது. இந்த வழி கொங்குநாட்டுக்கு இன்னும் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பிளாஸ்டிக் பல் வைத்த சர்வோ நாள் முழுக்க ஓடினால் தேயும். உலோகப் பல் வைத்த எம்ஜி90எஸ் இன்னும் கொஞ்சம் தாங்கும். பள்ளி வாசலில் ஆண்டுக்கணக்கில் நிற்கப்போகும் சிற்பத்துக்கு இரண்டுமே போதாது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கார் வைப்பர் மோட்டார் ஒன்று தேடிப் பாருங்கள். 12 வோல்ட், மெதுவான சுற்று, நல்ல பலம். ஒரே தண்டு, அதில் எட்டு கேம். நீங்கள் பேசப்போகும் லேத் பட்டறைக்காரர், எட்டுக்கும் சாவிக்காடி ஒரே நேர்கோட்டில் வெட்டவா, தள்ளித் தள்ளி வெட்டவா என்று கேட்பார். தள்ளித்தான் வேண்டும். எத்தனை டிகிரி தள்ளி என்பதை மட்டும் வீட்டில் ஈர்க்கு வைத்து ஓட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். காடி வெட்டிய பிறகு அந்த எண்ணை மாற்ற இன்னொரு செட் கேம் கடைய வேண்டியிருக்கும்.